வராத வழக்காளி

அவருடைய பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் அந்தப் பேரைத் தவணைக்குத் தவணை உரத்த குரலில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். நீதிபதி முன்னிலையில் கூப்பிட்டே வராதவர், நான் எழுதியா வரப்போகிறார்? தவிரவும், இப்போது அவர் எந்த அழைப்பாணையும் போய்ச் சேராத இடத்தில் இருக்கிறார்.

நான் அவருடைய வழக்கின் எதிராளி. சரியாகச் சொன்னால் இரண்டாம் எதிராளி. தேற்றாத்தீவில் நாங்கள் குடியிருந்த வளவு, அதாவது வீடு நின்ற காணி, என் மனைவிக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுத்த வேட்டியோடு வந்து சேர்வான். ஆகவே வழக்கில் முதலாம் எதிராளி அவள். வீட்டிலும் அதே வரிசைதான் என்பதால் எனக்கு இதில் மனவருத்தம் ஏதும் ஏற்படவில்லை. உண்மையில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான் எழுதி வெளியிட்ட நகைச்சுவைப் புத்தகங்களைப் பற்றி இதுவரை எவரும் ஒரு வரி எழுதியதில்லை. என்னைப் பற்றிப் பக்கம் பக்கமாக, அதுவும் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு, எழுதுவித்த ஒரே மனிதர் அவர்தான்.

அவருடைய வளவு எங்களுக்கு மேற்கே, வாவிப் பக்கம். ஆனால் அவரை அங்கே காண்பது அரிது. ஊரில் செத்தவீடு என்றால் பிணத்துக்கு அடுத்தபடியாக அங்கே கட்டாயம் இருக்கிறவர் அவர். கலியாணவீடு என்றால் மாப்பிள்ளைக்கு முந்தி வந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் யாரையாவது மறித்து வைத்தால் சோற்றுப் பார்சலோடு நிற்பார். பொலிஸில் யாரையாவது மறித்து வைத்தால் பிணைக்கு ஆள் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருடைய பழைய மோட்டார் சைக்கிளின் பக்கப் பையில் ஒரு சுருள் கயிறும் ஒரு கத்தியும் வெள்ளைத் துணியும் எப்போதும் கிடக்கும். மனிதனுக்கு என்ன நேர்ந்தாலும் இவற்றில் ஒன்று தேவைப்படும் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு.

அவருக்கென்று ஒரு காரியம் வந்தால்தான் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. தன் சொந்தக் கலியாணத்துக்கே பிந்தி வந்தவர். அன்றைக்குக் களுவாஞ்சிகுடியில் யாரோ ஒரு சோடியின் கலியாண எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்கப் போய்விட்டாராம். மாப்பிள்ளைக் கோலத்திலேயே போனதால் அங்கே கொஞ்சம் குழப்பமாகிவிட்டதாகவும் கேள்வி. ஊரில் பாதிப் பேருக்கு அடையாள அட்டை எடுத்துக் கொடுத்தவர், தன்னுடையது தொலைந்த பிறகு கடைசிவரை எடுக்கவில்லை. கேட்டால், "அயத்துப் போனன் மச்சான்," என்பார். மறந்துபோனதை எவ்வளவு சந்தோசமாகச் சொல்லலாம் என்று அவரிடம்தான் படிக்கவேண்டும்.

ஒருமுறை அவருடைய வீட்டு அடுப்படி ஒழுகியது. ஒரு மாரி முழுக்கச் சொல்லிப் பார்த்து ஓய்ந்த அவருடைய மனைவி, அடுத்த மாரிக்கு முன் வேலியோரம் வந்து என் மனைவியைக் கூப்பிட்டாள்.

"மச்சாள், உங்கட அண்ணனிட்ட நீங்க ஒருக்காச் சொல்லுங்க கா. ஒரு பாவப்பட்ட பொம்புளட வீடு ஒழுகுது, கிடந்து நனையிறாள் எண்டு சொல்லுங்க. ஆர்ர வீடு எண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

அவரை அண்ணன் என்றே கூப்பிடும் என் மனைவி சொன்னாள். சொல்லி வாய் மூடுவதற்குள் ஏணியோடு எங்கள் முற்றத்தில் வந்து நின்றார்.

"எங்க தங்கச்சி அந்த வீடு?"

"உங்கட வீடுதான் அண்ணன்."

வேலிக்கு மேலால் தன் கூரையை எட்டிப் பார்த்தார். "சரி, நீங்க கேட்டபடியால செய்யிறன்," என்று ஏணியைத் திருப்பினார். அந்திக்குள் ஓடு மாற்றி முடித்துவிட்டார். இறங்கி வந்தவர் தன் மனைவியிடம் கூலி வேண்டாம் என்றும் சொன்னாராம்.

போன வைகாசியில் அவருடைய செத்தவீடு. மேளக்காரருக்குச் சொல்லி அனுப்ப ஆளில்லை. வெள்ளை கட்டத் துணி எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. சுடலைக்கு விறகு வந்ததா என்று ஒருவர் கேட்டார். அதை ஆர் பார்த்தது என்று இன்னொருவர் கேட்டார். கடைசியில் ஒரு கிழவர் பொறுமையிழந்து, "ஆள் எங்கடா? ஆளைக் கூப்பிடுங்கடா!" என்று சத்தம் போட்டார். எல்லோரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தோம். அவருக்கென்று நடந்த காரியங்களில் அவர் நேரத்துக்கு வந்திருந்தது அது ஒன்றுக்குத்தான்.

வழக்குக்கு வருகிறேன். நானாவது வரவேண்டும் அல்லவா?

ஒரு மாரியில் வாவி பெருகி, எங்கள் இரண்டு வளவுக்கும் இடையிலிருந்த வேலி முழுக்கப் படுத்துவிட்டது. வெள்ளம் வடிந்த கையோடு அவர் அமிர்தகழியில் யாருடைய செத்தவீட்டுக்கோ போய், எட்டாம் நாள் சடங்கு முடியும்வரை ஊர்ப்பக்கம் வரவில்லை. அந்த இடைவெளியில் நான் வேலி அடைத்தேன். நூல் பிடித்து அடைப்போம் என்று கூலிக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நான் நிறையப் புத்தகம் படித்தவன். நூல் எதற்கு என்று கண்ணாலேயே நேர் பார்த்துக் காட்டினேன். வேலி முடிந்தபோது எல்லையில் நின்ற முருங்கைமரம் எங்கள் பக்கம் வந்திருந்தது. மரம் நடந்து வந்தது என்று நான் எந்த இடத்திலும் வாதிடவில்லை.

அவர் திரும்பி வந்தார். வேலியைப் பார்த்தார். முருங்கையைப் பார்த்தார். பிறகு வழமைபோல எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்து, அமிர்தகழிச் செத்தவீட்டில் சனம் எப்படி என்று விவரமாகச் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் எங்களுக்கு அழைப்பாணை வந்தது. வீடு தெரியாமல் சந்தியில் தடுமாறிக்கொண்டு நின்ற கோட்டு ஆளை, அதாவது நீதிமன்றச் சேவகரை, மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசல் படலையில் இறக்கியவரும் அவரேதான்.

"என்ன மச்சான் இது?" என்று கடதாசியைப் பிடித்தபடி கேட்டேன்.

"மச்சான், வேலியக் கண்டதும் எனக்குச் சரியான கோவம். கோவத்தில வாய விட்டா உறவு அறுந்திரும். அதான் கோவத்தக் கொண்டுபோய்க் கோட்டில குடுத்திட்டன். அது அங்க கிடக்கட்டும்."

"அப்ப இதப் பற்றி நாங்க இருந்து கதைச்சு..."

"சேச்சே! கோட்டுக் கதைய வீட்டில கதைக்கப்படாது மச்சான். அது கோட்டுக்கு மரியாத இல்ல. தங்கச்சி, தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் கூடப் போடுங்க."

இந்தக் கொள்கையிலிருந்து அவர் கடைசிவரை வழுவவில்லை. வழக்கை வீட்டில் கதைக்கமாட்டார். கதைக்கவேண்டிய கோட்டுக்கோ போகமாட்டார். ஆக, எங்கள் வழக்கு இந்தப் பூமியில் எந்த இடத்திலும் நடக்கவில்லை. நிலுவையில் மட்டும் இருந்தது.

தவணை வரும். நான் லீவு போட்டுவிட்டு, கையில் ஒரு தடித்த நாவலோடு பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போவேன். பேர் கூப்பிடுவார்கள். அவர் இருக்கமாட்டார். அவருடைய சட்டத்தரணி எழும்பி, தன் கட்சிக்காரர் மரணவீடொன்றில் நிற்பதாகச் சொல்லி வேறு தவணை கேட்பார். முதல் சில தடவை நீதிமன்றமும் அனுதாபப்பட்டது. பிறகு நீதிபதி கேட்கத் தொடங்கினார்.

"இறந்தவர் வழக்காளிக்கு என்ன உறவு?"

சட்டத்தரணி கட்சிக்காரரைக் காட்டிக்கொடுக்க விரும்பாத மனிதர். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒரே ஊர், கௌரவ நீதிபதி அவர்களே," என்றார்.

நான் படித்த பெரிய நாவல்கள் எல்லாம் அந்த நீதிமன்ற வாங்குப் பலகையில் உட்கார்ந்து படித்தவை. என் இலக்கிய அறிவுக்கு அவரளவுக்குத் தொண்டு செய்தவர் வேறில்லை.

பிறகு புதிதாக ஒரு நீதிபதி அம்மா வந்தார். அவர் மரணச் செய்திகளில் அவ்வளவு ஆர்வம் இல்லாதவர். வழக்காளி வராமல் வீணாக்கிய தவணைக்கு எதிராளிகளின் செலவை வழக்காளியே கொடுக்கவேண்டும் என்று கட்டளையிட்டார். அன்று பின்னேரமே ஒரு கடித உறையோடு வந்தார் நம்மாள்.

"கோட்டால உங்களிட்டக் குடுக்கச் சொன்னாங்களாம்," என்று தபால்காரரைப் போல நீட்டினார். பிறகு கதிரையில் சாய்ந்து, உண்மையான கவலையோடு தலையை ஆட்டினார். "ஒருத்தன் வழக்கையும் போட்டிட்டு, தானும் வராம, உங்களயும் கிடந்து அலைய விடுறது சரியில்லத்தான் மச்சான்."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார். "ம்ஹும். கோட்டுக் கதை."

இப்படியே விட்டிருந்தால் நாங்கள் சாகும்வரை சந்தோசமான எதிராளிகளாக இருந்திருப்போம். குறுக்கே என் மகளின் கலியாணம் வந்தது.

அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. மாப்பிள்ளை மண்டூர்ப் பொடியன், ஆசிரியர். தகப்பன் மண்டூர் வட்டையில் பெரிய வயற்காரர். ஊரே போடியார் என்றுதான் கூப்பிடும். மகளுக்குப் பொடியனைப் பிடித்திருந்தது. இருவரும் தொலைபேசியில் கதைத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்தால், எங்களைக் கேட்பதற்கு முன்பே பிடித்திருந்தது. இனி வழமைப்படி வீட்டு வளவை மகள் பேரில் உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதவேண்டும். நாங்கள் பின்பக்கம் ஒரு அறையும் அடுப்படியும் போட்டு ஒதுங்கவேண்டும். உறுதி எழுதும் நொத்தாரிசு, காணிப் பதிவுக் கந்தோரில் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். வளவின் மேல் வழக்குப் பதிந்து கிடக்கிறது. இந்த நிலையில் உறுதி எழுதினால் பெண்ணுக்கு வளவோடு சேர்த்து வழக்கையும் சீதனமாகக் கொடுத்ததாகிவிடும்.

போடியார் ஒளிவுமறைவில்லாத மனிதர். "பிள்ளையில ஒரு குறையும் இல்ல. ஆனா வழக்குக் காணிக்குள்ள என்ட மகன அனுப்பமாட்டன். வாற ஆனிக்குள்ள முடிச்சுத் தாங்க. இல்லாட்டி மனவருத்தப்படாதீங்க, நாங்க வேற இடம் பாப்பம்."

மகளின் தொலைபேசிச் சத்தம் நின்றுபோனது. சோற்றைக் கொறிக்கத் தொடங்கினாள். எங்கள் வீட்டில் எல்லோரும் பேசுகிறவர்கள். அந்த அமைதி எனக்குப் பழக்கமில்லாதது. நான் வேலியைத் தாண்டிப் போனேன்.

"மச்சான், நீங்க கொண்டுவந்த சம்பந்தம் உங்கட வழக்கால நிக்குது. அத வாபஸ் எடுங்களன்."

அவர் நெஞ்சில் கைவைத்தார். "என்ன மச்சான், பிள்ளட நல்ல காரியம் கதைக்கிற நேரத்தில கோட்டுக் கதையக் கொண்டு வாறீங்க? நீங்க யோசிக்காதீங்க. நான் போடியாரோட கதைக்கிறன்."

"போடியாரோட கதைச்சு என்ன செய்ய? வழக்குப் போட்டது போடியாரா?"

அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தங்கச்சி, மச்சானுக்கு ஒருக்காப் பிரஷர் பாருங்க!"

இந்த நிலையில்தான் நீதிபதி அம்மா கடைசி எச்சரிக்கை விட்டார்: வரும் தவணையில் வழக்காளி தோன்றாவிட்டால் வழக்குத் தள்ளுபடி. என் சட்டத்தரணி என் தோளில் தட்டினார். "நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல. அந்தாள் வராம இருந்தாச் சரி."

இதைவிட இலகுவான காரியம் உலகத்தில் உண்டா? வாழ்நாள் முழுக்க அதற்கென்றே பயிற்சி எடுத்த மனிதரல்லவா? ஆனால் முதலாம் எதிராளிக்கு நிம்மதி இல்லை. "அவர் வராத ஆள்தான். எண்டாலும் அண்டைக்கெண்டு அவருக்கு நினைவு வந்திட்டா? ஒரு அலுவலக் குடுத்துத் தூரத்துக்கு அனுப்புவம்," என்றாள். அவளே கூப்பிட்டுச் சொன்னாள்.

"அண்ணன், வியாழக்கிழமை நீங்க மண்டூருக்குப் போங்க. சம்பந்தியாக்களோட இருந்து, அவங்க மனம் மாறாமப் பாத்துக்கொள்ளணும். உங்களால மட்டும்தான் ஏலும்."

"அத என்னட்ட விடுங்க தங்கச்சி," என்றார். முகம் மலர்ந்துபோயிருந்தது. வியாழக்கிழமை என்ன நாள் என்று அவருக்குத் தெரிந்ததாகவே காட்டவில்லை.

அந்த வியாழக்கிழமை நானும் மனைவியும் கோட்டு வாங்கில் இருந்தோம். நான் நாவலை விரித்து வைத்திருந்தேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று மனைவி சொன்ன பிறகு மூடிவைத்தேன். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. போடியார் இறங்கினார். அவருடைய தம்பி இறங்கினார். அவர்களுக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நம்மாள் இறங்கினார்.

"இஞ்சாருங்க," என்று மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஆள் வந்திட்டாரே!"

சம்பந்தியாக்களின் மனம் மாறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னோம் அல்லவா? வழக்கு முடிவதைக் கண்ணாலேயே பார்த்தால் மனம் மாறாது என்று அவரே யோசித்து, வேன் பிடித்து, கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மற்றவன் காரியத்தை அவர் அரைகுறையாகச் செய்ததே கிடையாது.

அவரை அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஒரு தவணைக்கும் வராத முகத்தை யாருக்குத் தெரியும்? அவருடைய சட்டத்தரணியும் அன்று சலித்துப்போய்த் தன் உதவியாளர் பெண்ணை அனுப்பியிருந்தார். அந்தப் பிள்ளை அவரைக் கண்டதே இல்லை. அவர் போடியாருக்குக் காற்று வரும் இடமாகப் பார்த்து இடம் பிடித்தார். பக்கத்திலிருந்தவர்களிடம் தொலைபேசியை நிறுத்தச் சொன்னார். யாரோ ஒரு கிழவிக்கு வாங்கில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பிறகு எங்களுக்கு நேர் பின்னால், போடியாருக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

எங்கள் வழக்கு வந்தது. அவருடைய பேரைக் கூப்பிட்டார்கள்.

என் முதுகுக்குப் பின்னால் ஓர் அசைவும் இல்லை. இருக்கிறேன் என்று ஒரே ஒரு "ஓம்" போதும். என் மகளின் ஆனி மாதம் அந்த ஓர் எழுத்திலும் சொச்சத்திலும் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். போடியார் தாழ்ந்த குரலில் கேட்பது எனக்குக் கேட்டது.

"உங்கட பேரெல்லோ கூப்பிடுறாங்க?"

"எங்கட பக்கம் இந்தப் பேர் கனபேருக்கு இருக்கு போடியார்."

மூன்றாம் முறை கூப்பிட்டபோது நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அவர் அண்ணாந்து முகட்டு விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கழற்றிப் பூட்டிக் கொடுக்கும்படி யாரோ கேட்டிருக்கிறார்கள் போன்ற கவனம் அந்த முகத்தில். மடித்த குடையை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

உதவியாளர் பெண் எழும்பி, கட்சிக்காரரிடமிருந்து தங்களுக்கு அறிவுறுத்தல் இல்லை என்றாள். வழக்கு செலவோடு தள்ளுபடி செய்யப்பட்டது. நீதிபதி அம்மா அதோடு விடவில்லை. வழக்கைப் போட்டுவிட்டு நீதிமன்றத்தின் பக்கமே தலைகாட்டாத இப்படிப்பட்டவர்களால்தான் உண்மையான வழக்காளிகள் காத்துக் கிடக்கிறார்கள் என்று நன்றாகவே சொன்னார்.

"சரியான பொறுப்பில்லாத ஆள் போல கிடக்கு," என்றார் போடியார்.

"ஓம் போடியார். இப்பிடியும் ஆக்கள் இருக்காங்க."

வெளியே வேனுக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். "மச்சான், பேர் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கல்லயா?"

அவர் கோட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் அதைத் தாண்டி வந்துவிட்டோம் என்பதை உறுதிப்படுத்திக்கொண்டார்.

"கோட்டுக் கதைய வெளிய கதைக்கப்படாது மச்சான்," என்று சொல்லிவிட்டுப் போடியாருக்கு வேன் கதவைத் திறந்துவிடப் போனார்.

அதற்குப் பிறகும் என் சட்டத்தரணி என்னைப் பயமுறுத்தாமல் விடவில்லை. நியாயமான காரணம் காட்டினால் தள்ளுபடியான வழக்கை அவர் திரும்ப எழுப்பலாமாம். எனக்குப் பயம் வரவில்லை. அன்று தவணைக்கு வராததற்கு அவர் காட்டக்கூடிய ஒரே காரணம், தான் அன்று நீதிமன்றத்துக்குப் போயிருந்தது என்பதுதான். அதை எந்த நீதிபதி நம்புவார்?

ஆனி மாதம் கலியாணம் நடந்தது. பந்தலுக்கு இடம் போதாது என்று அவரே நடு வேலியைப் பிடுங்கி எறிந்தார். சமையல் முழுக்க அவருடைய வளவில். எல்லாம் முடிந்து, நான் களைத்துப்போய் மத்தியானம்வரை நித்திரை கொண்ட நாளொன்றில் வேலியைத் திரும்ப அடைத்தும் தந்தார். கதியால் என்கிற பச்சைக் கம்புகள் நட்டு, நூல் பிடித்து, கம்பு கம்பாக நேர் பார்த்து அடைத்த வேலி. நான் எழும்பி வந்து பார்த்தபோது முருங்கைமரம் அவருடைய பக்கம் நின்றது. வழக்கில் அவர் எந்த இடத்தை எல்லை என்று கேட்டிருந்தாரோ, வேலி அந்த இடத்தில் நின்றது.

"எப்பிடி மச்சான்? நேரா நிக்குதா?" என்று அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

நாங்கள் நின்றது வீட்டு வளவு. கோட்டுக் கதைக்கு அங்கே இடமில்லை.

"நேராத்தான் நிக்குது," என்றேன்.

அடுத்த நாளிலிருந்து எங்களுக்குக் கிழமை தவறாமல் முருங்கைக்காய் வந்தது. "எங்கட மரத்துக் காய், தங்கச்சி," என்று அந்த 'எங்கட'வைக் கொஞ்சமும் அழுத்தாமல் சொல்லிக் கொடுப்பார்.

இந்த மாரிக்கு வாவி திரும்பவும் பெருகியது. கதியால்களில் பாதி சாய்ந்துவிட்டன. வெள்ளம் வடிந்ததும் மருமகன் உறுதியையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்கினான், போடியாரின் மகனல்லவா? அளந்து முடித்துவிட்டு, நாங்கள் இப்போது குடியிருக்கும் பின்பக்க அடுப்படிக்கு வந்தான்.

"மாமா, வேலி எங்கட உறுதிக்குள்ள வந்து கிடக்கு. முருங்கையும் எங்கட காணியிலதான் நிக்குது. இப்ப அவரும் இல்லத்தானே. இந்தமுறை சரியான எல்லையில அடைச்சிருவம்."

நான் அப்பால் பார்த்தேன். அவருடைய மனைவி முருங்கையின் கீழே தனியாக நின்று, சாய்ந்த கதியால் ஒன்றை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி அனுப்ப அவளுக்கும் இனி ஆளில்லை. நூல் என்றும் வெள்ளம் என்றும் முகட்டு விசிறி என்றும் நான் விளக்கமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

முதலாம் எதிராளி அடுப்படியிலிருந்து முந்திக்கொண்டாள்.

"மகன், கோட்டுக் கதைய வீட்டில கதைக்கப்படாது. அவ பாவம், தனிய நிக்கிறா. நூலக் கொண்டுபோய், கதியால் நிண்ட இடத்திலயே பிடிச்சு அடைச்சுக் குடுங்க. முதல்ல வந்து தேத்தண்ணியக் குடிங்க. சீனி கொஞ்சம் கூடப் போட்டிருக்கன்."